அடித்த வரியும் தெரிய வேண்டும்

போன மாதம் நான் பழைய ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, பதிவைத் திருத்தும்போது ஒரு பெட்டி வந்து பேரு கேக்குமில்லே, அதை எடுத்துக் களையக் கூடாதா? ஓரோ தடவையும் டைப் பண்ணி மடுத்துப் போச்சு, அலுப்பா இருக்கு."

நான் சிரித்து மழுப்பிவிட்டு, நீங்கள் வாங்கித் தந்த பழம்பொரியைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். கிழக்கேகோட்டைக்குத் திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தமிழில் எழுதிச் சொல்ல இப்போது என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வரிக்கு மேல் போனால் பதிவை மடக்கிவிடுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு, தெரியும்.

நீங்கள் சேர்ந்த காலத்துக்கு நம் இணைய மன்றம் இளைத்துவிட்டது. எல்லோரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. அம்பாசமுத்திரம், தென்காசி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள், ரயில் ஏறுவதற்கு முன்னால் நம் மன்றத்தில்தான் வந்து கேட்பார்கள். எங்கே இறங்க வேண்டும், டோக்கன் எங்கே தருவார்கள், கஞ்சி எங்கே கிடைக்கும், 'வலிக்கிறது' என்பதற்கு மலையாளத்தில் என்ன சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்கள் பதில் எழுதுவார்கள். மட்டுறுத்துநர்கள் என்று ஐந்து பேர் உட்கார்ந்து அதையெல்லாம் வாசிப்போம். சண்டை வந்தால் விலக்குவோம், விதியை மீறினால் எச்சரிப்போம், மிஞ்சினால் தடை போடுவோம்.

எனக்கு நாற்பத்து மூன்று வயதில் இந்த வேலை கிடைத்தது. அதுவரை வலியசாலைத் தெருவில் பிள்ளைகளுக்குத் தமிழ் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்காரர் நியமனக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஊரார் சண்டையைப் படிக்கறதுக்கு மாசச் சம்பளமா? நம்ம தெருவிலே இதை எல்லாரும் இனாமாப் பண்ணிண்டிருக்காளே" என்றார். அந்த மனுஷர் கிண்டலைக் கேட்க இப்போது காது ஏங்குகிறது.

எங்கள் டீம் லீட் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், போடவில்லை. போனக்காட்டுக்காரி. அம்மாவும் அப்பாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம். அதனால் தமிழை அவளால் எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்க முடியும். தமிழ் மன்றத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாத தலைமையா என்று முதல் மாதம் எனக்கு வாய் வரைக்கும் வந்தது. தமிழ் டீச்சர் திமிர், வேறென்ன.

தன் குறையை அவள் மறைக்கவில்லை, அதையே எங்கள் எல்லோருக்கும் வழக்கமாக்கிவிட்டாள். ஒரு பதிவின் மீது புகார் வந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. யாராவது ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அதுவும் நேர வரிசையில். முதலில் எழுதியது என்ன, அதற்கு யார் என்ன சொன்னார்கள், எப்போது திருத்தினார்கள், திருத்திய பிறகு என்ன சொன்னார்கள், எல்லாம். "டைம் படி வாயிங்க சேச்சி" என்று வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

அதன் அருமை ஒரு லாட்ஜ் விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு லாட்ஜ் மேலாளர் கொதித்துப்போய்ப் புகார் அனுப்பியிருந்தார். அந்த லாட்ஜைப் பற்றிய உரையாடல் இழையைத் திறந்து பார்த்தால் மேலே ஒருவர், 'இந்த லாட்ஜ் மேலாளர் தங்கமான மனிதர்' என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக நான்கு பேர், 'ஆமாம், எங்களையும் கடித்தது', 'என் மாமியாரை இரண்டு இடத்தில் கடித்தது' என்று எழுதியிருக்கிறார்கள். நேர வரிசையில் வாசித்தபோதுதான் தெரிந்தது, முதல் ஆள் முதலில் எழுதியது மூட்டைப்பூச்சியைப் பற்றி. மறுநாள் யார் என்ன சொன்னார்களோ, பூச்சியை எடுத்துவிட்டு மேலாளரை வைத்துவிட்டார். அன்றைக்கு அந்த அறை சிரித்த சிரிப்பில் பக்கத்து கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். லீட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரும் தப்பு செய்யலை சேச்சி, அடியில இருந்த பதிவு மட்டும் மாறிப்போச்சு" என்றாள்.

இவ்வளவு தெரிந்த நான்தான் பிறகு சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன்.

மன்றத்தில் 'பாத்திரக்கடை' என்ற பெயரில் ஒருவர் எழுதுவார். நாகர்கோவில்காரர், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் வழி சொன்னால் கண் தெரியாதவர்கூட நடந்து போகலாம். 'ஸ்டாப்பில் இறங்கி வலது கை, ஒரு பூக்காரி இருப்பாள், அவளுக்குத் தமிழ் தெரியும், அவளிடம் கேளுங்கள்' என்கிற ரகம். பல வருஷமாக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அவர் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊரில் நடந்தன.

ஒரு வாரம் மன்றத்தில் பெரிய ரகளை. பழைய உறுப்பினர் ஒருவர் யாரோடோ கோபித்துக்கொண்டு, போகிறபோது தன் பழைய பதிவுகளையெல்லாம் காலி செய்துவிட்டுப் போனார். பாதி இழைகளில் கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு நன்றாக வாங்கிவிட்டார். ஒரு மாதத்துக்கு மேல் பழைய பதிவை யாரும் அனுமதியில்லாமல் திருத்தக் கூடாது என்று விதி வந்தது. பழைய உறுப்பினர்களிடம் திருத்தும் பொத்தான் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம். லீட் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். அவள் இல்லையென்றால் சத்தமாக வாசிப்பதும் இல்லை என்று நாங்கள் ஆகியிருந்தோம், சோம்பல்தான். திரையில் எச்சரிக்கை வந்தது: பாத்திரக்கடை அரை மணி நேரத்துக்குள் நாற்பது பழைய பதிவுகளைத் திருத்தியிருக்கிறார், இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

முந்தின வாரத்து ரகளைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இவரும் கிளம்பிவிட்டாரா? என்ன திருத்துகிறார் என்று ஒரு பதிவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. தடை போட்டேன். 'எல்லாவற்றையும் பழையபடி மீட்டெடு' என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினேன். நாற்பது பதிவும் நொடியில் பழைய நிலைக்குத் திரும்பின. மன்றத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு டீ குடிக்கப் போனேன்.

தடை விழுந்தவர்களுக்கு ஒரே ஒரு வழி திறந்திருக்கும், முறையீட்டுப் படிவம். அதில் அவர் எழுதினார்: 'அக்கா, நம்ம பழைய தகவல்லாம் தப்பாப் போச்சு. ஒண்ணொண்ணா சரி பண்ணிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள கதவ அடச்சிட்டீங்களே. கொஞ்சம் பாத்துக்கிடுங்க.' வாசித்தேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்து, லீட் வந்து பார்க்கட்டும் என்று வரிசையில் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்பாசமுத்திரத்து அம்மா ஒருவரின் பதிவு வந்தது. கணவர் பஸ் கண்டக்டர். தொண்டையில் கட்டி, மூன்று மாதமாகக் குரலே இல்லை. அவரைக் காட்ட முதல் தடவையாக வந்திருக்கிறார்கள். புது நோயாளிகளுக்கு அந்தப் பிரிவில் வியாழக்கிழமை மட்டும்தான் டோக்கன். விட்டால் அடுத்த வியாழன். அந்தக் கட்டியோடு இன்னும் ஒரு வாரம்.

'உங்கள் மன்றத்தில் போட்டிருந்தபடி காலை ஐந்து மணியிலிருந்து ஆஸ்பத்திரியின் பழைய வாசலில் நிற்கிறோம். மழை. இங்கே யாரும் வரவில்லை. எங்களுக்கு மலையாளம் தெரியாது. என் வீட்டுக்காரரால் பேச முடியாது. யாராவது சொல்லுங்கள்.'

பாத்திரக்கடையின் பதிவைத் திறந்தேன். பழைய வாசல் என்றுதான் இருந்தது. அவருடைய திருத்தத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்: 'டோக்கன் கவுன்டர் பின்பக்கத்துப் புது கட்டடத்துக்கு மாறிவிட்டது.' நாற்பது பதிவிலும் அதே மாதிரி. மாறிய பஸ் ஸ்டாப், மூடிய சத்திரம், புதிய கவுன்டர். எல்லாவற்றையும் நான் திரும்பத் தப்பாக்கியிருந்தேன்.

இன்னொருவர் ஏமாறக் கூடாதே என்று அவசரமாக அந்தப் பதிவில் 'பழைய வாசல்' என்பதை எடுத்துவிட்டுப் 'புது கட்டடம்' என்று போட்டேன். அந்த அம்மாவின் பதிவுக்குக் கீழே, 'புது கட்டடத்துக்குப் போங்கள்' என்று மட்டுறுத்துநர் குழு பெயரில் ஒரு வரி எழுதினேன். திருத்திய குறிப்பு போடவில்லை. அவசரம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, எனக்குப் பயம்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காலையில் மன்றத்துக்கு வருகிறவர்கள் அந்த அம்மாவின் பதிவைப் பார்த்தார்கள், மேலே போய்ப் பாத்திரக்கடையின் பதிவையும் பார்த்தார்கள். அங்கே பளிச்சென்று புது கட்டடம் என்று இருக்கிறது. 'அம்மா, சரியாகத்தானே போட்டிருக்கிறது?' என்றார் ஒருவர். 'வாசிக்காமல் குறை சொல்லக் கூடாது, அவர் எத்தனை பேருக்கு உதவியவர்' என்றார் இன்னொருவர். எல்லோரும் நல்லவர்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

பத்து மணி அடிக்கப்போகிற நேரத்தில் அந்த அம்மா எழுதினார்: 'மன்னித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நான்தான் தப்பாக வாசித்திருக்கிறேன். உடம்பு முடியாத இவர்களை மழையில் நிற்க வைத்தது நான்தான்.'

அதைப் படித்துவிட்டு நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். வந்து உட்கார்ந்தால் மேனேஜர் பின்னால் நிற்கிறார். "அவங்களே சாரி சொல்லிட்டாங்களே சேச்சி, பின்னே எந்தினா இந்த வருத்தம்? அந்த த்ரெட்டை லாக் பண்ணிக்களையுங்க. மதி, அது போதும்" என்றார். எனக்கு ஆசை வந்தது, சொல்லிவிடுகிறேன். ஒரு அழுத்து அழுத்தினால் போதும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தது.

பதினொரு மணிக்கு லீட் வந்தாள். விதுரை வழியாக மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சேச்சி?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன்டி."

"சொல்ல வேண்டாம். வாயிங்க. டைம் படி."

வாசித்தேன். செவ்வாய் மத்தியானம், பாத்திரக்கடை திருத்தினார். அதே மத்தியானம், தடை. "போட்டது ஆரு?" என்றாள் கண்ணை மூடியபடி. "நான்." மீட்டெடுத்தது? நான். முறையீடு வந்தது, வரிசையில் போட்டது? நான். வியாழன் ஒன்பது மணி, அந்த அம்மா. ஒன்பது பத்து, குறிப்பில்லாமல் திருத்தியது? "நான்." பிறகு பதில்கள். அந்த அம்மாவின் மன்னிப்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்து சீட்டுப் பையன் வாங்கி வாசித்து முடித்தான். லாட்ஜ் கதைக்குச் சிரித்த அதே அறைதான்.

லீட் கண்ணைத் திறந்தாள். "அப்போ அந்த அம்மா சரியாத்தான் வாயிச்சாங்க. நம்ம மாத்தி வச்சு அவங்களைப் பொய்யாக்கிட்டோம், அல்லே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் 'நம்ம' என்று சொன்னதுதான் என்னைக் கொன்றது.

கடைசியாக வரிசையில் ஒன்று மிச்சம் இருந்தது. பத்து நாற்பதுக்கு வந்த முறையீடு, மறுபடியும் பாத்திரக்கடை. அவரால் எழுதத்தான் முடியாதே தவிர, மன்றத்தை வாசிக்க முடியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பையன் வாசித்தான்: 'அக்கா, தடையை எடுக்காட்டாலும் சாரமில்ல. அந்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடிச்சாச்சு, நான் கூடத்தான் நிக்கேன்னு மட்டும் போட்டுருங்க. எல்லாரும் அவங்களைக் குறை சொல்லுதாங்க, பாவம்.' கடையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார் மனுஷர்.

தடையை எடுத்தேன். இழையில் எழுதினேன்: 'இந்தப் பதிவில் இன்று காலை ஒன்பது மணி வரை பழைய வாசல் என்றுதான் இருந்தது. பாத்திரக்கடை அதைச் செவ்வாய்க்கிழமையே சரியாகத் திருத்தியிருந்தார். பார்க்காமல் அதை மாற்றியதும், அவருக்குத் தடை போட்டதும் நான். இன்று யாருக்கும் சொல்லாமல் மறுபடி திருத்தியதும் நான். அம்பாசமுத்திரத்து அம்மா சரியாகத்தான் வாசித்தார்.' எப்போதும் 'மட்டுறுத்துநர் குழு' என்றுதான் முடிப்போம். அன்றைக்கு முதல் தடவையாக என் பெயரைப் போட்டேன். மேனேஜர் முகம் சிவந்தது. லீட் அவரைப் பார்த்து, "லீடு நானல்லவா சார், எனக்கு மெமோ தாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பின்னே போங்க சேச்சி."

"எங்கேடி?"

"ஆஸ்பத்திரிக்கு. இவ்வளவு வாயிச்சாச்சு, ஆளைப் பார்க்க வேண்டாமா?"

புது கட்டடத்து வராந்தாவில் அவர்களைக் கண்டுபிடித்தேன். பாத்திரக்கடையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, நனைந்த வேட்டி. அன்றைய டோக்கன் தீர்ந்துபோயிருந்தது. அவர் கவுன்டரில் இருந்த சிஸ்டரிடம் மலையாளத்தில் கெஞ்சி, டோக்கன் வாங்கியவர்களில் யாராவது வராமல் போனால் கடைசியில் பார்க்கலாம் என்று ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தார். கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை இல்லை, ஆனாலும் உட்காருகிற விதத்தில் கண்டக்டர் என்று தெரிந்தது.

நான் யாரென்று சொன்னேன். அந்த அம்மா எழுந்துவிட்டார். "நீங்க எதுக்கும்மா இம்புட்டுத் தூரம் வந்தீய? நாந்தான் தப்பா வாசிச்சுட்டேன்."

"இல்லேம்மா, நீங்க சரியாத்தான் வாசிச்சேள். மாத்தினது நான்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு கணவரைப் பார்த்து, "கேட்டியளா? எம்மேல தப்பில்லையாம்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க முடியாது. கணவரின் நோய்க்கு நடுவில், காலையிலிருந்து அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி ஆயிற்று. நாங்கள் நான்கு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பெயருக்கு ஆள் வரவில்லை. சிஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, எங்கள் பக்கம் கையைக் காட்டினார். கண்டக்டர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த அம்மாவோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார் டாக்டர். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றாராம்.

கிளம்புகிற நேரம். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். "கையில தாள் இல்லாம எங்கயும் நவுர மாட்டாவ" என்றார் அந்த அம்மா. முந்தின நாள் ஊரில் பிரின்ட் எடுத்து, மழைக்காகக் காலையிலிருந்து வெளியே எடுக்காமல் வைத்திருந்த நம் மன்றப் பக்கம் அது. 'பழைய வாசல்' என்று கறுப்பு மையில் இருந்தது. பெஞ்சில் தாளை விரித்து, பேனாவை எடுத்து, அந்த இரண்டு வார்த்தையின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். அடித்த வார்த்தை நன்றாகவே தெரிந்தது. மேலே 'புது கட்டடம், பின்பக்கம்' என்று எழுதினார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"டிரிப் ஷீட்டுல அப்படித்தாம்மா" என்றார் அந்த அம்மா. "அழிச்சு எழுதக் கூடாதாம். அடிச்சது தெரியணும், யாரு அடிச்சாங்கன்னும் தெரியணுமாம். செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்தா அவரும் கையெழுத்துப் போடணும்."

கண்டக்டர் பேனாவை என்னிடம் நீட்டினார். தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். நான் செக்கிங் இன்ஸ்பெக்டராம். முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது. திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை. மறுபடியும் விரலை வைத்தார். தேதி போடவில்லை. தேதி போட்டேன். அப்போதும் விரலை எடுக்கவில்லை. தன் மணிக்கட்டைத் திருப்பி வாட்சைக் காட்டினார். மணி இரண்டே முக்கால் என்று எழுதினேன். அப்புறம்தான் தாளை வாங்கி, ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு, பழைய வாசலில் யாராவது நின்றால் கொடுக்கும்படி சைகை காட்டிப் பாத்திரக்கடையின் கையில் கொடுத்தார்.

மறுநாள் இதை லீடிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த மாதமே மென்பொருள் பையன்களைப் பிடித்து உட்கார வைத்து, பழைய வார்த்தையின் மேல் கோடு விழுகிற மாதிரியும், திருத்துகிறவர் பெயரைக் கேட்டுப் பெட்டி வருகிற மாதிரியும் செய்ய வைத்தாள். அதை மூடுவதற்கு ஒரு பொத்தான் வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

தேதியும் நேரமும் அதில் தானாகவே விழுந்துவிடுகிறது. நீங்கள் உங்கள் பெயரை மட்டும் எழுதினால் போதும்.